இடது மட்கார்டில் ஒரு வட்டம்

நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குள் இப்போது சாக்பீஸ் கொண்டுபோகத் தடையாம். எங்கள் சொசைட்டியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் அங்கேதான் பொறியாளர். போன மாதம் படிக்கட்டில் பார்த்தபோது சொன்னார். சாக்பீஸ் தூள் பெயின்ட்டில் ஒட்டுகிறதாம், தகட்டில் இருக்கும் பள்ளம் மேட்டையெல்லாம் கேமராவே பார்த்துக்கொள்கிறதாம். "நீங்க இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவராமே சார், எங்க தமிழ் மன்ற மலருக்கு உங்க சர்வீஸ் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. படிக்கிற பசங்களுக்கு உற்சாகமா இருக்கணும்" என்றார்.

உற்சாகம் வேண்டுமென்றால் அவர் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டுவிட்டார், எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் ராஜமாணிக்கம். அப்பா திருப்பத்தூர்ப் பக்கமிருந்து இந்த மராத்திச் சீமைக்கு வந்து, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் காலம் தள்ளியவர். நான் ஐ.டி.ஐ.யில் தகட்டு வேலை படித்து, இரண்டு வருடம் அப்ரெண்டிஸாக அடிவாங்கி, ஆகுர்டியில் வேன் தயாரிக்கும் தொழிற்சாலையில், வண்டிக்கூடு செய்யும் பாடி ஷாப்பில் சேர்ந்தேன். சில வருடம் சுத்தியல் பிடித்தேன். பிறகு என் கையைப் பார்த்து இன்ஸ்பெக்ஷனுக்கு இழுத்துக்கொண்டார் அங்கே அதிகாரியாக இருந்த தாம்லே சாஹேப். நான் சொல்லப்போவது அவரைப் பற்றித்தான்.

வேலை இதுதான். பெயின்ட்டுக்குப் போகும் முன் வேனின் வெற்றுத் தகடு எங்கள் முன்னால் வந்து நிற்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் மேலே எரியும் டியூப்லைட்டின் வெளிச்சக்கோடு தகட்டில் நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே பள்ளம். பிறகு மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, விரல் நுனியால் அல்ல, உள்ளங்கையால், முழங்கையைத் தளர விட்டுத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தப்பியது கையில் மாட்டும். மாட்டிய இடத்தைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும்.

தாம்லே சாஹேப் வட்டம் போடும்போது பேச மாட்டார். திட்ட மாட்டார். எங்கள் டிபார்ட்மெண்டில் எல்லா சாஹேப்களும் கத்திக்கொண்டிருக்க, இவர் ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார். அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. வட்டம் போட்டவர்தான் அதைத் துடைக்க வேண்டும். குறையைச் சரிசெய்து முடித்த பிறகு வந்து, மறுபடி தடவிப் பார்த்து, தன் கைக்குட்டையாலேயே துடைக்க வேண்டும். அடுத்தவர் போட்ட வட்டத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற வேனின் கூரையில் நான் போட்ட வட்டம் பளிச்சென்று தெரிந்தது. துடைத்துவிடச் சொன்னார் ஜெனரல் மேனேஜர். "போட்டது மாணிக். அவன் துடைச்சா துடைக்கட்டும்" என்றார் தாம்லே. (அவர் பேசியது மராத்தி கலந்த ஹிந்தி. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.) எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளம் இன்னும் இருக்கிறது சார் என்று மட்டும் சொன்னேன். வட்டத்தோடுதான் அந்தப் பெரியவர்கள் வேனைப் பார்த்தார்கள். அன்று மதியம் காண்டீனில் தாம்லே தன் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு நாளுக்காக அவருக்காக நான் உயிரையும் கொடுத்திருப்பேன். அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

இனி நான் வாங்கிய பழைய காருக்கு, அந்த வண்டிக்கு வருகிறேன். அதன் கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. இந்த நாட்டில் அந்த மாதிரி ஒன்றிரண்டுதான் உண்டு, எழுதினால் இப்போது வைத்திருப்பவர் யாரென்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் செய்தது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள். நான் பிறப்பதற்குச் சில வருடம் முன்னால் செய்யப்பட்டது. சின்ன வயதில் கட்கி பஜார் வழியே ஒரு ராணுவ டாக்டர் அதை ஓட்டிக்கொண்டு போவார். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் கோலிக்குண்டை விட்டுவிட்டு ஓடுவோம்.

தொண்ணூற்று இரண்டில் அந்த டாக்டரின் மனைவி கேம்ப் என்கிற ராணுவப் பகுதியில் இருந்த தன் பங்களாவை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வண்டி பின்கட்டு ஷெட்டில் இருந்தது. இருக்கையில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. தரைத் தகடு பிடித்தால் கையோடு உதிர்ந்தது. எனக்கு முன்னால் வந்த பழைய வண்டி வியாபாரி பானெட்டைத் திறந்து என்ஜினை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் கோழி எச்சத்தைத் துடைத்துவிட்டு மட்கார்டை உள்ளங்கையால் தடவினேன். அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓட்டுவியா, பிரிச்சு வித்துடுவியா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஓட்டுவேன், மேம்சாப்."

வியாபாரி அதிக விலைக்குக் கேட்டும் அவர் எனக்கே கொடுத்தார். கொடுத்த பணம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் கட்டிக்கொண்டிருந்த சொசைட்டியில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணமாகக் கட்ட நானும் வசந்தாவும் வருடக்கணக்காகச் சேர்த்தது. வசந்தா என் மனைவி, வீட்டில் ஜாக்கெட் தைத்து அவளும் அதில் பாதி போட்டவள். அவளிடம் கேட்காமலே கொடுத்தேன். லாரியில் கட்டி இழுத்துவந்து நிறுத்தியபோது அவள் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"இன்னாங்க இது, ஓட்டையும் ஒடசலுமா? இதுல எங்க படுக்கறது, எங்க சமைக்கிறது?" என்று கேட்டாள். பிறகு மூன்று வாரம் பேசவில்லை. அவள் கேட்டதில் தப்பே இல்லை.

ஆகுர்டியில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே கழித்தேன். விஷயம் தெரிந்து ஒருநாள் தாம்லே வந்தார். பழைய வண்டிப் பைத்தியம் அவருக்கும் இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அவர் ஒரு பழைய வண்டிக் கிளப்பில் உறுப்பினர், ஆனால் அவரிடம் வண்டி கிடையாது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்கில் டீயோடு வந்துவிடுவார். பொய் சொல்ல மாட்டேன், அவர் செய்தது நிறைய. இங்கிலாந்தில் இருந்த தம்பி மூலமாகக் கார்புரேட்டர் சாமான்கள் வரவழைத்தார், ரிப்பேர் புத்தகம் வரவழைத்தார், அதை வாசித்து எனக்கு அர்த்தம் சொன்னார். ஸ்பேனர் பிடித்து விரலை நசுக்கிக்கொண்டார். தகடு முழுக்க என் வேலை. தரையைப் புதிதாகச் செய்தேன். இடது முன் மட்கார்டில் பாதி துருப்பிடித்துப் போயிருந்தது. மணல் மூட்டையில் வைத்து மரச்சுத்தியலால் அடித்து அடித்து வளைவு கொண்டுவந்து பற்றவைத்தேன்.

அந்த மட்கார்டில் ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் நின்றுவிட்டது. நாலணா அளவுதான் இருக்கும். பிரைமர் அடிக்கும் முன் தாம்லே தடவிப் பார்த்தார். கை அங்கே நின்றது. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டார், ஷெட்டிலும் பேசாமல்தான். மூன்று ஞாயிறு அந்த இடத்தோடு மல்லுக்கட்டினேன். தகடு மெலிந்துவிட்டது. இன்னும் ஒரு அடி அடித்தால் கிழிந்துவிடும் என்றேன். அடுத்த ஞாயிறு அவர் வந்து, மறுபடி தடவி, நீண்ட நேரம் நின்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

"இருக்கட்டும் மாணிக். இது உன் வண்டியோட மச்சம்."

என் சர்வீஸில் அவர் குறையைக் குறையாகவே விட்டுத் துடைத்த வட்டம் அது ஒன்றுதான். 'உன் வண்டி' என்றுதான் சொன்னார். அதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

தொண்ணூற்று ஏழு தீபாவளிக்கு முன்னால் வண்டி ஓடியது. கரும்பச்சை நிறம். வசந்தாவை உட்காரவைத்துப் பழைய பம்பாய் ரோட்டில் லோனாவ்லா வரை போனேன். வெயிலில் என்ஜின் சூடாகி இரண்டு முறை நின்றது. பெட்ரோல் வாசனை தலையைச் சுற்றியது. அவள் முந்தானையைத் தலையோடு இழுத்துக் கட்டிக்கொண்டாள். காம்ஷேட் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது, மூன்றாவது கியரில் கொஞ்சம் அழுத்தினேன். திரும்பிப் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தானா இவ்ளோ நாளு?" என்று காற்றில் கத்தினாள். என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த வருடம் கிளப் பழைய வண்டிகளின் ஊர்வலமும் போட்டியும் வைத்தது. என் வண்டி அதில் போக வேண்டும் என்று தாம்லேக்கு என்னைவிட ஆசை. நான் உறுப்பினராக மனுக் கொடுத்தேன். இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரைக்க வேண்டும், கமிட்டி கூட வேண்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். பாடி ஷாப் தொழிலாளி வண்டியோடு வந்து நிற்பதை அவர்களில் யாரும் விரும்பவில்லை என்பது சொல்லாமலே தெரிந்தது. உறுப்பினர் பெயரில் ஆர்.சி. புத்தகம் உள்ள வண்டி மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது விதி.

"என் பேருக்கு மாத்திடலாம் மாணிக். ரெண்டே மாசம். போட்டி முடிஞ்சதும் திருப்பி உன் பேருக்கு" என்றார் தாம்லே.

டிரான்ஸ்ஃபர் படிவங்களை அவரே வாங்கிவந்தார். சேஸிஸ் நம்பரை நானே எடுத்தேன். வண்டியின் அடிச்சட்டத்தில் குத்தியிருந்த எண்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் எண்கள் வெள்ளையாக எழும்பிவரும். ஒரு எண்கூட மங்காமல் எடுத்துக் கொடுத்தேன். விற்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். திருப்பி மாற்றுவதற்கான படிவத்திலும் அவரிடம் இப்போதே ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. வட்டத்துக்காக ஜெனரல் மேனேஜரை எதிர்த்து நின்ற மனிதரிடம் எழுதி வாங்குவதா என்று வெட்கமாக இருந்தது. பதினைந்து வருடம் எந்தத் தகட்டையும் தடவாமல் விட்டதில்லை நான். அந்தக் காகிதத்தை மட்டும் தடவிப் பார்க்காமல் விட்டேன்.

போட்டியில் கோப்பை கிடைத்தது. அதில் அவர் பெயரைப் பொறித்தார்கள். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். மழைக்காலம் வந்ததும், என் ஷெட் ஒழுகுகிறது, வண்டி கோத்ரூடில் தன் பங்களாவில் இருக்கட்டும் என்றார். சரி என்றேன். ஞாயிறுகளில் நான் அங்கே போய் என்ஜினைக் கிளப்பி, துடைத்து வைத்துவிட்டு வருவேன். அவருடைய மனைவி டீ கொடுப்பார். தாம்லே ரிடையர் ஆனார். டிரான்ஸ்ஃபர் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "ஹோ, ஹோ, கரூ யா" என்பார். மராத்தியில், ஆமாம் ஆமாம், செய்வோம் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிறு அவர் பங்களா ஷெட்டில் புதுப் பூட்டுத் தொங்கியது. அவரே வெளியே வந்தார்.

"நீ வந்து கஷ்டப்பட வேண்டாம் மாணிக். ஒரு டிரைவர் போட்டிருக்கேன்."

"சாஹேப், ஆர்.சி. என் பேருக்கு மாத்தணும்னு..."

"பேப்பரை ஏன் இழுக்கறே? இது நம்ம வண்டி. உன் ஷெட்ல வெச்சு என்ன பண்ணுவே? இதைப் பார்த்துக்க உன்கிட்ட இடம் இருக்கா, வசதி இருக்கா? சொல்லு."

உள்ளே போய் ஒரு கவரோடு வந்தார். "நீ போட்டது வீணாகக் கூடாது" என்று நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் முகத்தில் திருட்டுத்தனம் கொஞ்சமும் இல்லை. எனக்கு நல்லது செய்கிறவர் போலத்தான் நின்றார். எதை மன்னித்தாலும் அந்த முகத்தை மன்னிக்க முடியவில்லை.

வக்கீல் ஒருவரிடம் போனேன். படிவத்தின் நகலைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது உங்க கையெழுத்துதானே? அப்போ நீங்க வித்தாச்சு" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வசந்தா தையல் மெஷினை நிறுத்தினாள். "நம்ம வூடு அந்தாளு ஷெட்ல நிக்குது. நீங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போய் அதத் தொடச்சிட்டு வந்தீங்க" என்றாள். மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் விருப்ப ஓய்வு, வி.ஆர்.எஸ். என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் வாங்கியதுதான் இந்த வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

சில வருடம் கழித்து ஒரு ஜனவரியில், பழைய வண்டிகள் கண்காட்சி என்று பேப்பரில் வந்திருந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. போகும் வழியில் ஸ்டேஷனரிக் கடையில் ஒரே ஒரு சாக்பீஸ் கேட்டேன். பெட்டியாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். பெட்டியை வாங்கினேன்.

மைதானத்தில் நாற்பது ஐம்பது வண்டிகள். என் வண்டி நடு வரிசையில் நின்றது. முன்னால் பலகையில் தாம்லேயின் பெயர். அவர் தொப்பி வைத்துக்கொண்டு கைத்தடி ஊன்றி நின்றிருந்தார், நன்றாக மெலிந்திருந்தார். சுற்றி ஒரு குடும்பம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"தரையே இல்லாம வாங்கினேன். இந்த மட்கார்டு முழுக்க கையால அடிச்சது. அஞ்சு வருஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் கை என்று சொல்லவில்லை.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். கயிற்றைத் தாண்டினேன். ஹெட்லைட்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. சாக்பீஸை எடுத்து, அந்தப் பள்ளத்தைச் சுற்றி, கரும்பச்சையின் மேல் ஒரு வட்டம் போட்டேன்.

கிளப் பனியன் போட்ட ஒரு ஆள் கத்திக்கொண்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். இன்னொருவன் துணியோடு வண்டிப் பக்கம் குனிந்தான்.

"ராஹூ தே!" என்றார் தாம்லே. விடு, தொடாதே என்று. குரல் பாடி ஷாப்பில் கேட்ட அதே குரல். "துடைக்காதே. வட்டம் போட்டவர்தான் துடைக்கணும்."

என்னைப் பிடித்தவன் கையை எடுத்தான். தாம்லே என்னைப் பார்த்தார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கேட்பதற்காகத்தான் நின்றேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 'இது மாணிக்கின் வண்டி' என்று அந்தக் குடும்பத்திடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் போதும். ஆர்.சி.கூட வேண்டாம்.

அவர் சொல்லவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. அதை என் பக்கம் நீட்டினார். கண்ணில் நீர் நின்றிருந்தது. அது முதுமையாலா, வேறு எதனாலாவதா என்று எனக்குத் தெரியாது.

நான் வாங்கவில்லை. திரும்பி நடந்தேன். வாசல் பக்கம் டீக்கடையில் மத்தியானம்வரை நின்றிருந்தேன். வண்டிகள் ஊர்வலமாக வெளியே வந்தபோது என் வண்டியும் வந்தது. டிரைவர் ஓட்ட, தாம்லே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது மட்கார்டில் வட்டம் அப்படியே இருந்தது.

அந்த வருடமே அவர் போய்விட்டார். மகன் அமெரிக்காவிலிருந்து வந்து வண்டியை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டானாம். அவர் அதற்குச் சிவப்பு அடித்துவிட்டார் என்று கேள்வி.

இவ்வளவையும் எழுதி முடித்து வசந்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கச் சிரமம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாவப்போற மனுஷன். அந்தக் கைக்குட்டைய வாங்கித் தொடச்சிட்டு வந்திருக்கலாம் இல்ல?" என்றாள். பணத்தில் பாதி போட்டவள் கேட்கிறாள்.

குறை சரியாகவில்லையே வசந்தா, எப்படித் துடைப்பேன்?